நடீனின் இடுப்பு என்ன விலை?

என் அக்கா நடீனின் கணவர் வெர்லின் டட்டில் முப்பத்தோரு வருடமாகப் பழைய கார் விற்கிறார். ஒஹையோவில் எங்கள் ஊர்ப்பக்கம் ஓடுகிற வண்டிகளில் பாதி அவர் கைபட்டவை. வழியில் நின்றுபோகிற வண்டிகளும் அப்படித்தான். விலை கேட்டால் உடனே சொல்ல மாட்டார். "இருங்க, உள்ள மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்" என்று பின்னறைக்குப் போவார். அங்கே மேனேஜர் என்று ஒருவரும் கிடையாது. ஒரு காபி குடித்துவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, "எவ்வளவோ கெஞ்சிப் பாத்துட்டேன்" என்பார். அப்பேர்ப்பட்ட மனிதரை ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு குளிர்காலம் முழுக்கத் தண்ணி காட்டினார்கள். எனக்கு அதில் பரம திருப்தி.

அக்காவுக்கு இடது இடுப்பு மூட்டு தேய்ந்துபோயிருந்தது. மாற்றியே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வியாழக்கிழமைதோறும் பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் ஆட்டத்தில் ஆண்களையே ஓரங்கட்டியவள், ஓரமாக உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தாள். படுத்தால் புரள முடியவில்லை. வெர்லினோ, மாதக் கட்டணம் அநியாயம் என்று மருத்துவக் காப்பீட்டை எப்போதோ நிறுத்தியிருந்தார். அறுபத்தைந்து வயதானால் அரசாங்கக் காப்பீடு வந்துவிடும். அக்காவுக்கு அறுபத்திரண்டு.

"மூணு வருஷம்தானே, பல்லைக் கடிச்சுக்கோயேன்" என்றார்.

"உன்கூட இத்தனை வருஷம் கடிச்சுக் கடிச்சுத்தான் பல்லே போச்சு" என்றாள் அக்கா.

வேறு வழியில்லாமல் போனை எடுத்தார். முதல் ஆஸ்பத்திரியில், அது ஆளைப் பொறுத்தது என்றார்கள். இரண்டாவதில், இருபத்தேழாயிரம் டாலரிலிருந்து அறுபத்தோராயிரம் வரை ஆகலாம் என்றார்கள். "நான் ஒரு காருக்கு இப்படி விலை சொன்னா உள்ள தூக்கிப் போட்டுருவாங்க!" என்று கத்தினார். மூன்றாவது ஆஸ்பத்திரியில், நேரில் வந்தால் உத்தேசச் செலவை எழுதித் தருவதாகச் சொன்னார்கள். மூவரும் கிளம்பினோம். அக்காவை வாசலிலேயே இறக்கிவிட்டு வண்டியை எங்கோ கடைசியில் நிறுத்திவிட்டு வந்தார்.

கணக்குப் பிரிவில் ஷாவ்னா என்ற பெண் இருந்தாள். எதற்கும் அசராத முகம்.

"முப்பத்து நாலாயிரம் சார். இது உத்தேசம்தான்."

"மயக்க மருந்து குடுக்கிறவரையும் சேர்த்தா?"

"அவர் பில் தனியா வரும்."

"ஆபரேஷன் பண்றவரு?"

"அவரும் தனி சார்."

"இதென்னம்மா, கார் விலையைச் சொல்லிட்டு ஸ்டீயரிங் தனி, சக்கரம் தனின்னா? அப்ப முப்பத்து நாலாயிரத்துக்கு என்னதான் தர்றீங்க?"

"ரூம், மூட்டு, நர்ஸ் எல்லாம் அதுல அடக்கம்."

"பழைய மூட்டைக் குடுத்தா எக்ஸ்சேஞ்ச் உண்டான்னு கேளு வெர்லின். கூச்சப்படாதே" என்றாள் அக்கா.

எவ்வளவு குறைப்பீர்கள் என்று அவர் கேட்டதும் ஷாவ்னா எழுந்தாள். "இருங்க சார், மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வரேன்."

வெர்லின் என்னை முழங்கையால் இடித்தார். "உள்ள ஒரு ஈ காக்கா இருக்காது கார்லா. காபி குடிச்சிட்டு வருவா, பாரு."

திரும்பி வந்தாள். மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கட்டினால் இருபத்தொன்பதரை ஆயிரம். வெர்லின் இருபத்து நான்கு என்றார். அவள் முடியாது என்றாள். உடனே அவர் தன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். வாங்க வந்தவன் எழுந்து போனால் விற்கிறவன் பின்னாலேயே ஓடிவருவான் என்பது அவர் தொழிலில் கண்ட உண்மை.

"நடீன், நீ இங்கயே இரு. கார்லா, நீ வா. ரெண்டு பேரா எந்திரிச்சாத்தான் பயப்படுவாங்க."

வண்டியில் ஏறி என்ஜினைப் போட்டார். நகரவில்லை. குளிரில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக ஆஸ்பத்திரிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். நர்ஸ்கள் வந்தார்கள், போனார்கள். ஷாவ்னா வரவில்லை. எனக்குக் கால் விறைத்துப்போனது. வெட்கமாகவும் இருந்தது.

கதவு மறுபடி திறந்தது. "வந்துட்டா பாரு! சொன்னேன்ல?" என்று வெர்லின் ஸ்டீயரிங்கைத் தட்டினார்.

வந்தது அக்கா.

ஊன்றுகோலை முன்னால் வைத்து, ஒரு காலை இழுத்து, நின்றாள். நிறுத்தியிருந்த வண்டி ஒன்றின் மேல் கை ஊன்றி மூச்சு வாங்கினாள். அடுத்த வண்டிக்கு வந்து அதையும் பிடித்துக்கொண்டு நின்றாள். வழியில் வந்த காரோட்டி ஒருவர் அவளுக்காக நிறுத்தினார். அவள் கடந்து முடிக்கும்வரை காத்திருந்தார். வீட்டில் அவள் நாற்காலியைப் பிடிப்பாள், சுவரைப் பிடிப்பாள், இவர் டிவி பார்ப்பார். இவ்வளவு தூரம் தள்ளி உட்கார்ந்து அவள் நடப்பதை வெர்லின் அதுவரை பார்த்ததே இல்லை. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. என்ஜினை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்துபோட்டபடியே ஓடினார்.

"உன்னை உள்ள யாரும் தேடல" என்றாள் அக்கா, மூச்சிரைக்க. "சரி, நானாவது கூப்பிடுவோம்னு வந்தேன்."

வெர்லின் அவள் தோளை அணைத்துப் பிடித்து, அவள் வேகத்துக்கே நடந்து உள்ளே கூட்டிப்போனார்.

ஷாவ்னா நிமிர்ந்து பார்த்தாள். "சார், விலையில இனிமே ஒண்ணும்..."

"விலையை யாரும்மா கேட்டா?" என்றார் வெர்லின். "எந்தத் தேதி காலியா இருக்கு, அதைச் சொல்லு."