ராக்கெட் தள்ளிப்போன நாளில் பழவேற்காடு

பூநாரை பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். ஜனவரியில் பழவேற்காட்டுக்குப் போகிற யாரும் சொல்லக்கூடிய காரணம் அது. என்னைப் பொறுத்தவரை அது பாதிக் காரணம். மீதிப் பாதி என் தம்பி.

தம்பி போர் விமானி. ரகம், ஊர், பெயர் எதையும் இங்கே எழுதப் போவதில்லை. பதினோரு வருடம் ஒரே ரக விமானத்தை ஓட்டினான். எங்கள் அப்பாவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே படையில் சேர்ந்துவிட்ட ரகம் அது. அவன் அதைப் 'பெருசு' என்றுதான் சொல்வான். "பெருசு இன்னிக்கு லேசா இருமிச்சுக்கா, இறக்கிட்டேன்" என்று சிரிப்பான். எனக்கு அன்று சோறு இறங்காது. பறக்கிற நாளில் அவன் போன் அணைந்திருக்கும். காலையில் அழைத்து, அணைந்திருந்தால் மாலை வரை ஒன்றும் ஓடாது. கல்லூரியில் பாடம் நடத்தும்போதுகூடக் கண் மேசைமேல் இருக்கும் போனுக்கே போகும்.

பெருசுகள் ஒவ்வொன்றாக ஓய்வுக்குப் போயின. அவன் பிரிவுக்குப் புதிய விமானம் வந்தது. நம் பொறியாளர்களும் வெளிநாட்டுப் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கியது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "மாமியாரும் மருமகளும் சேர்ந்து வச்ச குழம்புக்கா. யார் உப்பு போட்டாங்கன்னு கேக்கக் கூடாது. ஆனா நல்லா இருக்கு" என்றான். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகுதான் பொன்னேரியில் வேலை செய்யும் தோழி ஒருத்தி, மீனவர்களுக்கு வந்த அறிவிப்பு ஒன்றை வாட்ஸப்பில் அனுப்பினாள். வியாழக்கிழமை காலை பத்து முதல் மதியம் இரண்டு வரை, பழவேற்காட்டுக்குக் கிழக்கே கடலில் போர் விமானப் பயிற்சி; யாரும் அந்தப் பகுதிக்குப் போகக் கூடாது. யார் வருகிறார்கள், எந்த விமானம் என்று அதில் இல்லை. தம்பியிடம் கேட்டால் சொல்ல மாட்டான், கேட்கவும் கூடாது. அவனாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எப்படியானாலும் புதிய விமானத்தின் சத்தத்தை ஒருமுறை என் காதால் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

போகிற வழி இதுதான். சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயில், காலை ஐந்தரை மணி வாக்கில். பொன்னேரிக்குப் பத்து ரூபாய் டிக்கெட், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ. அங்கிருந்து பழவேற்காடு பதினெட்டு கிலோமீட்டர், பஸ் முக்கால் மணி நேரம் எடுத்தது. வழியில் நின்று நின்று மீன் கூடைக்காரப் பெண்களை ஏற்றிக்கொள்ளும்; முன்பக்கம் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கு இறங்கி, இட்லி சாப்பிட்டுவிட்டு லைட்ஹவுஸ் குப்பத்துக்கு ஆட்டோ பேசினேன். நூற்றைம்பது ரூபாய், காத்திருப்புக்குத் தனி.

ஆட்டோக்காரர் பெயர் எத்திராஜ். முப்பது வயது இருக்கும். ஆட்டோவின் கூரையில் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகள் கட்டியிருந்தன. தேர்தலா என்று கேட்டேன்.

"அட இல்லக்கா. ஊர் அறிவிப்பு எல்லாம் நம்ம வண்டிதான். சாவு, திருவிழா, ராக்கெட்டு, எல்லாத்துக்கும் நான்தான் மைக்கு."

பாலத்தில் வண்டியை நிறுத்தினார். வடக்கே ஏரி முழுக்கச் சேறும் வெயிலுமாகப் பளபளத்தது. தூரத்தில் வெளிறிய இளஞ்சிவப்பில் ஒரு கோடு, பூநாரைகள். பைனாகுலர் கொண்டுபோகாதவர்களுக்கு அது வெறும் கோடாகத்தான் தெரியும். இடுப்பளவு தண்ணீரில் சில பெண்கள் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ராக்கெட்டுக்கும் அறிவிப்பு உண்டா?" என்றேன். ஏவுதளம் இங்கிருந்து வடக்கே, ஏரிக்கு அந்தப் பக்கம்.

"இன்னாக்கா அப்படிக் கேட்டுட்ட! ராக்கெட்டு உடற அன்னிக்கு யாரும் கடலுக்குப் போவக் கூடாது. இன்னிக்குகூட சாயங்காலம் உடறதா இருந்துச்சு. நேத்து ராத்திரி தள்ளிப் போட்டாங்க. உடனே ஊரெல்லாம் சுத்திச் சொல்லிட்டேன். ராக்கெட்டு தள்ளிப் போச்சு, கடலுக்குப் போலாம்னு."

பாலத்துக் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்தேன். "கடலுக்குப் போலாம்னு அறிவிப்பில் இருந்ததா?"

"ராக்கெட்டே இல்லன்னா அப்புறம் இன்னா? அத நானே சேத்துக்கினேன்."

போனை எடுத்து, தோழி அனுப்பிய அறிவிப்பைக் காட்டினேன். எத்திராஜ் படித்தார். மறுபடி படித்தார். "இது மூணு நாளிக்கு முன்னாடியே வந்துச்சுக்கா. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சேன். எப்பவும் கடல மூடறது ராக்கெட்டுதானே." பிறகு மெதுவாக, "பிளேன் தனியா?" என்றார்.

அந்த ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ராக்கெட் என்றால் கடல் மூடும், தள்ளிப்போனால் கடல் திறக்கும். அதிலேயே பழகியவர்களுக்கு, அதே கடலை அதே நாளில் இன்னொருவரும் மூடலாம் என்று எப்படித் தோன்றும்?

மணி எட்டு ஐம்பது. குப்பம் வரை எத்திராஜ் வண்டியை விரட்டினார்.

லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையில் பைபர் படகுகள் வரிசையாக ஏறியிருந்தன. விடியற்காலையில் போனவை பெரும்பாலும் திரும்பிவிட்டன. பெண்கள் வலையிலிருந்து மீனை உதறிக்கொண்டிருந்தார்கள். எத்திராஜ் ஒவ்வொரு படகாகப் பார்த்துக்கொண்டே ஓடினார். கடைசியில் இடைவெளி விட்டிருந்த ஓர் இடத்தில் நின்றார். அங்கே கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், "அக்கா, மாமா வரல?" என்றார். அவருடைய அக்கா தனம். கணவர் ஏழுமலை.

"இன்னும் வரல. இன்னாடா, பேயறஞ்ச மாதிரி வர்ற?"

"எந்த வலை எடுத்துக்கினு போனாரு?"

தனம் எழுந்து போய்ப் பந்தலுக்கடியில் குவித்திருந்த வலைகளைப் பார்த்தார். அங்கே எந்த ஆண் எங்கே இருக்கிறான் என்று அறிய போன் தேவையில்லை. எந்த வலை இல்லையோ அந்த வலைக்குரிய கடலில் இருப்பான். நண்டு வலை இருந்தது. சின்னக் கண் வலையும் இருந்தது.

"வஞ்சிர வலையக் காணோம்" என்றார். "அப்போ ரொம்ப வெளிய போயிருப்பாரு. கலங்கர விளக்கு மறையற எடம். ஏன்டா?"

எத்திராஜ் சொன்னார். தடை செய்த பகுதியைக் கட்டம் போட்டிருந்த அறிவிப்பு வரைபடத்தை நான் காட்டினேன். தனம் அதைக் கையில் வாங்கி, கடலைப் பார்த்து நின்று, போனைத் திருப்பிப் பிடித்து, கட்டத்தின் நடுவில் விரலை வைத்தார்.

"இங்கதான் இருப்பாரு."

"வயர்லெஸ் செட்டுல கூப்புடு அக்கா!"

"செட்டு ஊட்ல சார்ஜுல கீது. போனு அவ்ளோ வெளிய எடுக்காது." அவர் குரல் உயரவில்லை. "அவர் கூட ரெண்டு பேர் கீறாங்க."

மணி ஒன்பது இருபது. நான் தம்பியை அழைத்தேன். அணைந்திருந்தது. பதினோரு வருடம் அந்தக் குரலை, 'நீங்கள் தொடர்பு கொள்ள முயலும்' என்று தொடங்கும் அந்தப் பெண் குரலை, அவனுக்காகப் பயந்துதான் கேட்டிருக்கிறேன். முதல்முறையாக வேறு யாருக்காகவோ பயந்தேன். இன்று இங்கே வருவது அவன்தானா என்று தெரியாது. ஆனால் அவன் ஓட்டுவதற்கு அடியில் இந்தப் பெண்ணின் கணவர் இருக்கக்கூடும்.

அறிவிப்பின் அடியில் ஓர் எண் இருந்தது. கூப்பிடலாம் என்றேன்.

எத்திராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்க்கா. படகு நம்பர் கேப்பாங்க. மாமா பேரு போயிடும். மானியத்த நிறுத்துவாங்க. போலாம்னு சொன்னவன் யாருன்னு என்னியும் கேப்பாங்க. நான் வேற படகுல போய்க் கூட்டினு வந்துர்றேன்."

"போய் நீயும் நடுவுல நிப்பியா?" தனம் என் பக்கம் திரும்பினார். "போடும்மா நீ. மானியம் போனா போவுது. மனுசன் வேணும்."

போட்டேன். யாரோ ஓர் ஆண் குரல் எடுத்தது. தனமே பேசினார். படகு நம்பர், பச்சை உடம்பில் மஞ்சள் பட்டை, மூன்று பேர், கலங்கரை விளக்கிலிருந்து நேர் கிழக்கு, எவ்வளவு ஆழம். கரையில் உப்பும் செதிலுமாக நின்றுகொண்டு, தடுமாறாமல் சொன்னார். "தகவல் தெரிவிச்சிடறோம்" என்றது குரல். வைத்துவிட்டார்கள். தெரிவித்தார்களா, யாருக்கு, நேரத்தில் போய்ச் சேருமா, எதுவும் தெரியவில்லை.

பிறகு காத்திருப்புதான். விஷயம் பரவி, வலை உதறிய பெண்களும் எழுந்து வந்தார்கள். யாரோ எனக்கு டீ கொண்டுவந்தார்கள். ஒருவர், "நம்ம மைக்குக்காரருக்கு இனிமே சாவு அறிவிப்பு மட்டும் குடுங்க" என்று முணுமுணுத்தார். தனம் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் அடங்கினார். எத்திராஜ் தன் ஆட்டோவுக்குப் போய் ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்கிப் போட்டார்.

பத்து மணி ஆயிற்று. ஒன்றும் இல்லை. பத்து பன்னிரண்டுக்குத் தெற்கிலிருந்து சத்தம் வந்தது.

பெருசின் சத்தம் எனக்குத் தெரியும். தம்பி பயிற்சி முடித்த ஆண்டில் கேட்டிருக்கிறேன். தகர டப்பாவில் கல்லைப் போட்டு உலுக்கியதுபோல, எங்கேயோ ஏதோ கழன்றிருப்பதுபோல இருக்கும். இதில் அப்படி எதுவும் இல்லை. ஒரே சீராக, கீறலில்லாமல், மார்புக்கூட்டை அழுத்துகிற சத்தம். இதைக் கேட்கத்தான் வந்தேன். கேட்டபோது காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. இரண்டு விமானங்கள் தலைக்கு மேல் கிழக்கே போயின, புள்ளியாயின, மறைந்தன. தனம் கண்ணிமைக்காமல் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சில நிமிடங்களில் அதே இரண்டும் திரும்பின. உயரத்தில், போன வேகத்திலேயே தெற்கே போய்விட்டன. முடித்துவிட்டுப் போகின்றனவா, தொடங்காமலேயே போகின்றனவா? கேட்க யாரும் இல்லை.

பதினொன்றரை வாக்கில் ஒரு கிழவர், "படகு" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தனம் மணலில் நான்கடி முன்னே போனார். "பச்சை" என்றார். பிறகு நெடுநேரம் கழித்து, "மூணு தலை" என்றார். அப்போதுதான் உட்கார்ந்தார்.

ஏழுமலை படகை ஏற்றியதும் முதலில் எத்திராஜைத்தான் பார்த்தார்.

"டேய் மைக்கு! ராக்கெட்டு இல்லன்னு சொன்னியே, அது இன்னாடா? வலையப் போட்டுட்டு ஒக்காந்துக்கினு கீறோம், விசிறி வச்ச பிளேன் ஒண்ணு தாழப் பறந்து சுத்துது. அப்புறம் காவல் படகு வந்து மைக்குல கத்தறான். கடலுக்கு நடுவுலயும் மைக்கு!"

"மாமா, வலை?"

"பாதிய அறுத்துட்டுத்தான் வந்தோம். மீதியப் போய்த் தேடணும். உன் கொழாய அடகு வையி."

கூட்டம் சிரித்தது. எத்திராஜ் சிரிக்கவில்லை. மணலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். தனம் போய் அவர் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, கையை எடுக்காமல் அங்கேயே நின்றார்.

எங்கள் போனால்தான் காவல் படகு போனதா, அவர்களாகவே பார்த்தார்களா என்று தெரியவில்லை. இரண்டு மணிக்குப் பொன்னேரி பஸ் பிடித்தேன். எத்திராஜ் காத்திருப்புக்குப் பணம் வாங்க மறுத்தார். தனத்திடம் கருவாடு வாங்கி, அதன் விலையோடு அந்தப் பணத்தையும் சேர்த்துக் கொடுத்தேன்.

நீங்கள் போவதாக இருந்தால் சில விஷயங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பறவைகள் இருக்கும். பத்து மணிக்குள் பார்த்துவிடுங்கள். குடிக்கத் தண்ணீர், தொப்பி எடுத்துப் போங்கள். குப்பத்தில் நிழல் குறைவு. படகு சவாரிக்கு அனுமதி இருக்கிறதா என்று அன்றைக்கே ஊரில் விசாரியுங்கள். யாரோ ஒருவர் போலாம் என்று சொன்னதை மட்டும் நம்பி ஏறாதீர்கள். கடல் மூடல் அறிவிப்பு இருந்தால் அது எதற்கானது, யார் போட்டது என்று முழுதாகப் படியுங்கள். ஒன்று ரத்தானால் மற்றது ரத்தாகிவிடாது.

அன்று மாலை தம்பி கூப்பிட்டான். எங்கே போயிருந்தேன் என்று நான் சொல்லவில்லை. வேலை எப்படிப் போயிற்று என்று கேட்டேன். "சும்மா போயிட்டு வந்தோம்க்கா. கீழ ஆள் இருந்தாங்க" என்றான். அவ்வளவுதான். பெருசு போய் இது வந்ததில் அவன் பத்திரமாகிவிட்டான் என்று நான் மட்டும் நிம்மதியாகத் தூங்கிய அந்த இரவை நினைத்துக்கொண்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். "மூணு பேரும் வந்துட்டாங்கல்ல?" என்று கேட்டான். எழுதலாமா என்றேன். "எழுதுக்கா, என் பேரு மட்டும் வேணாம்" என்றான்.

பத்து நாள் கழித்து எத்திராஜ் ஓர் ஒலிப்பதிவு அனுப்பியிருந்தார். ஆட்டோ ஓடுகிற சத்தம், கரகரப்பான ஒலிபெருக்கி. "ராக்கெட்டு நாளைக்கு சாயங்காலம். பிளேன் அறிவிப்பு தனி. பிளேன் நாளைக்குக் காலையில." பின்னாலிருந்து தனத்தின் குரல்: "நேரத்த இன்னொரு வாட்டி படிடா."

மறுநாள் காலை தம்பியை அழைத்தேன். அணைந்திருந்தது. போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். கடலில் யாரும் இருக்க மாட்டார்கள்.