ஏழு கிளிக் லீவரும் ஒன்பது பல்சக்கரமும்

என் கொழுந்தன் வாசிம் ஒரு இடத்தில் நிற்க மாட்டான். லெப்பைக்குடிக்காட்டில் அவன் வயதுக்காரர்கள் பாதிப் பேர் துபாயில் இருந்தார்கள். இவன் மட்டும் எங்கேயோ பழையதாக வாங்கிய பந்தய சைக்கிளில் பெரம்பலூருக்கும் திட்டக்குடிக்கும் காரணமே இல்லாமல் போய் வந்துகொண்டிருந்தான். வீட்டில் இருக்கும் நேரத்திலும் கூடத்துக்கும் வாசலுக்கும் அலைவான். பார்க்கிற எனக்குத் தலை சுற்றும்.

என் கணவர் அம்மார் துபாயில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தார். கல்யாணமான கையோடு போனவர் நடுவில் ஒரே ஒரு தடவைதான் வந்திருந்தார். 2004-ல் கடை முதலாளி ஒருவழியாக இறங்கி வந்தார். தம்பியை இங்கே வரவழைத்துவிட்டு நீ ஊருக்குப் போ என்றாராம். மாற்றாள் இல்லாமல் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்க மாட்டாராம். வாசிம் போனால் என் கணவர் வருவார். வாசிம் போகாவிட்டால் வர மாட்டார். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

அந்த நேரம் பார்த்துத் திருச்சியில் ஒரு தொழிற்சாலை தன் சைக்கிள் அணிக்கு ஆள் எடுத்தது. பெரம்பலூரில் கிளம்பி அரியலூர் போய்த் திரும்ப வேண்டும். முதலில் வருபவனுக்கு அணியில் இடமும் நிரந்தர வேலையும் உண்டு.

"ஒரே ஒரு தடவ ஓட்டிப் பாக்குறேன் மச்சி. தோத்தா பேசாம பிளைட் ஏறிடுறேன்" என்றான் வாசிம். அண்ணன் மனைவியை எங்கள் வீட்டில் மச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவன் தோற்க வேண்டும் என்று ஐந்து வேளைத் தொழுகையிலும் துஆ கேட்டேன். என் புருஷன் எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

என் புருஷன் என்ன செய்தார் தெரியுமா? தம்பிக்குப் பந்தயச் சக்கரம் ஒரு ஜோடி எடுத்து, ஊருக்கு வந்த பக்கத்துத் தெரு ஆளிடம் கொடுத்தனுப்பினார். கொழுப்பைப் பாருங்கள்!

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்துதான் அவர் போன் செய்வார். வாரத்தில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அந்த மாதம் அதையும் அந்தச் சக்கரம் தின்றது. வாசிம் கையெல்லாம் கிரீஸோடு வாசலில் உட்கார்ந்திருப்பான். நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்று கத்த வேண்டும்.

"பின்சக்கரம் பிரேமுக்குள்ள நுழைய மாட்டேங்குதாம்."

"நுழையாது சமீரா. பழசுல ஏழு பல்சக்கரம், இதுல ஒம்போது. அச்சு அகலம். இரும்பு பிரேம்தானே, ரெண்டு பக்கமும் இழுத்தா விரியும். நீ கொஞ்சம் புடிச்சுக்க."

நானா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதை இரண்டாக ஒடித்திருப்பேன். ஆனாலும் ரிசீவரை மாமியிடம், அதாவது அவருடைய அம்மாவிடம், கொடுத்துவிட்டுப் போய் இழுத்துப் பிடித்தேன். சக்கரம் உள்ளே போய் உட்கார்ந்தது.

அத்தோடு முடிந்ததா? பழைய செயின் தடிமன். ஒரு பல்சக்கரத்தில் ஓடும்போதே பக்கத்தில் இருப்பதை உரசிக் கறகறவென்றது. கியர் மாற்றும் லீவர் அதற்கு மேல். அதன் கிளிக்கெல்லாம் ஏழு சக்கரத்துக்கு வைத்தவை. ஒரு கிளிக் தள்ளினால் செயின் இரண்டு சக்கரத்துக்கு நடுவே போய் நின்று குதித்தது. வாசிம் எழுந்து நடந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்து நடந்தான்.

"சக்கரத்த மட்டும் மாத்துனா எப்படி? ஒம்போதுக்கு உள்ள செயினும் லீவரும் ஊருக்கு வர்ற பூலாம்பாடி ஆளுகிட்ட குடுத்து வுடுறேன்" என்றார் அவர்.

பூலாம்பாடி ஆள் வந்தார். செயின் இருந்தது, லீவர் இல்லை. ஏர்போர்ட்டில் பெட்டி எடை கூடிப்போனதால் எதையாவது எடுக்கச் சொன்னார்களாம். "பால் பவுடர் டின்ன எடுக்க முடியுமாங்க? வூட்ல திட்டுவாங்க" என்றார் சாவகாசமாக. யா அல்லாஹ், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாசிம் சுவரைப் பார்த்து நின்றான். பந்தயம் ஞாயிற்றுக்கிழமை.

அந்த வெள்ளிக்கிழமையும் போனில் நான்தான் நடுவில்.

"லீவர் மேல ஒரு வளையம் இருக்கும். அதத் திருப்பச் சொல்லு. கிளிக் வுட்டுப் போயிடும். அப்புறம் எந்தச் சக்கரத்துக்கும் ஆவும். கொஞ்சங்கொஞ்சமா இழுத்து, சத்தம் அடங்குற எடத்துல நிறுத்தணும்."

வாசிம் திருப்பினான், இழுத்தான். செயின் உரசி உரசிப் போய் ஒரு இடத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. ஏற்றத்துக்கு உதவும் கடைசிப் பெரிய சக்கரம் மட்டும் லீவருக்கு எட்டவில்லை. "அரியலூர் ரோட்டுல மலையா இருக்கு? போவட்டும்" என்றான். அன்றும் எனக்கு ஒரு வார்த்தை மிஞ்சவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் மாமியும் பெரம்பலூர் பாலக்கரையில் பந்தயம் முடியும் இடத்தில் நின்றோம். சிமென்ட் லாரிகளுக்கு நடுவே முதலில் மூன்று பேர் தெரிந்தார்கள். வாசிம் மூன்றாவது. அப்பாடா என்றுதான் நினைத்தேன். அப்போது அவன் குனிந்து லீவரை ஒரு தள்ளு தள்ளினான். ஒருவனைத் தாண்டினான். அடுத்தவனோடு ஒட்டிக்கொண்டு வந்தான்.

"ஓட்டுடா வாசிம்! ஓட்டு!" என்று ஒரு பொம்பளை தொண்டை கிழியக் கத்தினாள். மாமி என் கையைப் பிடித்து இழுத்தபோதுதான் கத்தியது நான் என்று தெரிந்தது. வாசிம் முதலாவதாக வந்தான்.

வெள்ளிக்கிழமை இல்லாவிட்டாலும் அன்று மாலை போன் வந்தது. வாசிம் அரைமணி நேரம் பேசிவிட்டு என்னிடம் கொடுத்தான்.

"நம்ம பையனப் பாத்தியா சமீரா! மாஷா அல்லாஹ்!"

"பாத்தேன். அவன் செயிச்சா நீங்க வர முடியாதுன்னு தெரிஞ்சுதானே சக்கரத்த அனுப்புனீங்க?"

"ஆமா" என்றார்.

"அப்ப என் நெனப்பே வரலயா?"

"வராமயா இருக்கும்? இங்க ஒரு ரூம்ல பன்னெண்டு பேரு புள்ள. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவுல கால் வைக்க எடமில்ல. அவனால முடியாது, செத்துருவான். எனக்குன்னா பழகிப்போச்சு."

"எனக்குப் பழகலைங்க" என்றேன்.

போன் கார்டில் காசு தீரும்வரை அவர் போனை வைக்கவில்லை.