ஜிலேபி மீன் தேடி ஓடிய ஞாயிறு

இரண்டு வருடங்களுக்கு முன், மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது இது. திருவொற்றியூரில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறோம். நான் கன்டெய்னர் யார்டு ஒன்றில் சூப்பர்வைசர். மனைவிக்கு அன்று காலை ஷிஃப்ட். ஐந்து வயது மகளைக் குளிப்பாட்டும் பொறுப்பு என்னுடையது.

கொதித்த தண்ணீரைத் தூக்கிப் போய்க் குளியலறைத் தரையில் வைத்துவிட்டு, வாளி எடுக்கத் திரும்பினேன். அதற்குள் அவள் ஓடி வந்து பாத்திரத்தில் இடறிவிட்டாள். வலது தொடையிலிருந்து முழங்கால் வரை வெந்நீர். அவள் அலறிய அலறல் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். தோல் சுருங்கி உரிந்து வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான், செல்போனில் எப்போதோ பார்த்த வீடியோ ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. எங்கோ ஒரு நாட்டில் தீப்பட்ட குழந்தைகளுக்கு மீன் தோலை ஒட்டிக் கட்டுகிறார்களாம். வலியும் குறையுமாம், தழும்பும் குறையுமாம். மீனும் நம்ம ஊர் ஜிலேபி மீன்தான். இந்த ஊரில் மீனுக்கா பஞ்சம்? பக்கத்துப் போர்ஷன் அம்மாவிடம் குழந்தையைக் கொடுத்து, "மருந்து வாங்கிட்டு இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன்.

தெருமுனைக் கடையில் சங்கராவும் கவளையும்தான் இருந்தன. அடுத்த கடையிலும் அதுவே. "ஜிலேபி ஏரி மீனுண்ணா, காசிமேட்டுக் கடல் சரக்குல அது எங்க வரும்? தேரடி பக்கம் போய்ப் பாரு" என்றார் ஒருவர். வழியில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. தினமும் நானே கேட் பாஸ் போட்டு அனுப்புகிற லாரிகள்தான். ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன். போன் அடித்தது. மனைவி. எடுக்கவில்லை.

தேரடிப் பக்கம் குடையின் கீழ் ஒரு பெண் அருவாமனையோடு உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். முன்னால் இருந்த அன்னக்கூடையில் ஜிலேபி துள்ளிக்கொண்டிருந்தது.

"ரெண்டு கிலோ போடுக்கா. தோலை மட்டும் உரிச்சுக் குடு, போதும். சீக்கிரம்."

"தோலு மட்டும் இன்னாத்துக்குண்ணா?"

விஷயத்தைச் சொன்னேன். மீனை அப்படியே வைத்துவிட்டார்.

"கொயந்தை எங்க கீது?"

"வீட்டுல."

"ஊத்திகினு எம்மா நேரமாச்சு?"

போனை எடுத்து மணி பார்த்தேன். ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவர் தன் இடது ஆள்காட்டி விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நுனி கோணலாக வளைந்திருந்தது.

"இத்தப் பாரு. இதே ஜிலேபி முள்ளு குத்துனது. சீழ் வெச்சு ஒரு மாசம் கத்தி புடிக்கல நானு. தோலு கீற கைக்கே இந்தக் கதி. தோலே இல்லாத எடத்துல இத்த வெப்பியா நீ?"

டாக்டர்களே வைக்கிறார்கள் என்று வாதாடினேன்.

"டாக்டரு எப்பிடிக் கய்வி வெச்சாரோ, யாரு கண்டது? நான் எதுல கய்வுறேன் பாரு" என்று பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் பேசினைக் காட்டினார். செந்நிறத் தண்ணீரில் செதில்கள் மிதந்தன. பைக்கைத் திருப்பினேன்.

பக்கத்துக் கடைப் பெண்ணிடம், "இத்தப் பாத்துக்கடி" என்று சொல்லிவிட்டு, கையை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு என் பைக்கில் ஏறி உட்கார்ந்தார். நான் கூப்பிடவே இல்லை.

வீட்டில் மகள் அழுது அழுது தொண்டை கட்டிக் கிடந்தாள். என்னைப் பார்த்ததும், "மருந்து எங்கப்பா?" என்றாள். அந்தப் பெண் அவளைக் குழாயடிக்குத் தூக்கிப்போய், காலை மெல்ல ஓடும் தண்ணீரில் காட்டினார். துவைத்து வைத்திருந்த வெள்ளை வேட்டியைக் கேட்டு வாங்கி, தளர்வாகச் சுற்றினார். ஆட்டோவிலும் மகள் அவர் மடியில்தான் இருந்தாள். நான் ஒருவழியாக மனைவிக்கு போன் செய்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "எப்போ நடந்தது?" என்றார். "அரை மணி நேரம் இருக்கும்" என்றேன். மீன்காரப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். "இல்லை டாக்டர், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு" என்று சொல்லிவிட்டு, மீன் தேடி அலைந்ததையும் ஒப்புக்கொண்டேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நீங்க பார்த்தது பொய்யில்லை. தோலைப் பல தடவை சுத்தம் பண்ணி, கிருமி இல்லாம ஆக்கித்தான் வைப்பாங்க. புண்ணோட ஒட்டிக்கும், அடிக்கடி கட்டுப் பிரிக்க வேண்டாம். நம்மகிட்ட இப்போ அது இல்லை. மீன் கடையில இருக்கறதும் அது இல்லை" என்றார்.

திரும்பிப் பார்த்தபோது அந்தப் பெண் போய்விட்டிருந்தார். அடுத்த வாரம் தேரடிக்குப் போய் நன்றி சொன்னேன். "கால் எப்பிடி கீது?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அடுத்த ஆளுக்கு மீன் நிறுக்கப் போய்விட்டார்.

ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டுப் பிரித்தார்கள். ஒவ்வொரு முறையும் துணி புண்ணிலிருந்து பிரியும்போது மகள் கத்துவாள். அவள் கைகளை நான் பிடித்துக்கொண்டிருப்பேன். மீன் தோலைக் கட்டலாம் என்று யாருக்கோ ஏன் தோன்றியது என்பது அந்தக் கத்தலில்தான் எனக்குப் புரிந்தது.

புண் ஆறிவிட்டது. தொடையில் வெளுத்த தழும்பு மட்டும் இருக்கிறது. மகளுக்கு அன்றைய நாள் பாதிதான் நினைவிருக்கிறது. எனக்கு முழுக்க நினைவிருக்கிறது. அவள் அழுகையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்கத் தெம்பில்லாமல்தான் நான் ஊரெல்லாம் ஓடினேன் என்பதையும், அதற்கு மருந்து தேடுவதாகப் பெயர் வைத்துக்கொண்டேன் என்பதையும் இன்றுவரை என் மனைவியிடம் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.