மாதாவுக்கு வைத்த வெள்ளிக் கை

எங்கள் அம்மா மார்பில் கட்டி வந்து செத்தாள். கொஞ்ச காலத்தில் அவள் தங்கையும் அதே கட்டியில் போனாள். வீட்டில் அதன் பெயரைச் சொல்லமாட்டார்கள். 'அது' என்பதோடு சரி. வாய்விட்டுச் சொன்னால் அடுத்த பெண்ணுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பயம். வெளியே தெரிந்தால் மிச்சமிருக்கும் பெண்களை எவன் கட்டுவான் என்று அதைவிடப் பெரிய பயம். மிச்சமிருந்தது அக்காவும் நானும்தான். அவள் கல்யாணமாகிக் கம்பளையில் இருந்தாள். நான் கண்டியில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு அப்பாவோடு இருந்தேன்.

அந்த வருஷ மாதா கோயில் திருநாளுக்கு அக்கா ரயிலேறி வந்தாள். கோயில் வாசலில் வெள்ளி உருவங்கள் விற்பார்கள். கண்ணில் நோவென்றால் கண், காலில் நோவென்றால் கால். வாங்கி மாதாவின் காலடியில் வைத்து வேண்டிக்கொள்வது எங்கள் வழக்கம். அக்கா ஒரு கையை வாங்கி வைத்துவிட்டு, முழங்காலில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "கைக்கு என்னக்கா?"

"கைக்கு ஒண்ணுமில்ல."

"பின்ன எதுக்குக் கையை வச்ச?"

கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். இடது மார்பில் கட்டி. மழைக்காலத்துக்கு முந்தியே வந்துவிட்டதாம். கடைக்காரன் கூட்டத்துக்கு நடுவில் "என்ன உருவம் வேணும்மா?" என்று கேட்டதும் அவளுக்கு நா எழவில்லை. முன்னால் கிடந்த கையைக் காட்டியிருக்கிறாள்.

"மாதாவும் பொம்பளைதானேடி. அவங்களுக்குப் புரியும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபந்தான் முந்திக்கொண்டது.

"மாதாவுக்குப் புரியும், சரி. டாக்டருக்குச் சொன்னாத்தானே புரியும்? அத்தானுக்காவது சொன்னியா?"

"சொல்லல. ஊருக்குத் தெரிஞ்சா உன்னை யாருடி கட்டுவா?"

"என் கல்யாணம் கிடக்குது குப்பையில! நீ செத்துட்டா எனக்கு யாரு இருக்கா?"

கத்திய கத்தில் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஒருவர் பார்த்தார். "தாய்க்கும் இருந்ததோ?" என்று கேட்டார். நான்தான் சொன்னேன், அம்மாவையும் சின்னம்மாவையும் பற்றி, நோயின் பெயரைச் சொல்லி, உரக்க. கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை.

"ஓம், சில குடும்பங்களில தொடர்ந்து வாறதுதான். ஒளிச்சு வச்சா ஒண்டும் செய்யேலாது. இது இன்னும் சின்னன், வெட்டி எடுக்கலாம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீரும் குளிக்கேக்க தடவிப் பாரும், பிள்ளை. பயமெண்டாலும் பாரும்."

அக்காவின் ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். கம்பளையிலிருந்து ஓடி வந்த அத்தான் கட்டில் பக்கத்தில் நின்று, "என்கிட்ட சொல்றதுக்கு என்ன புள்ள?" என்று கேட்டுக் குழந்தை மாதிரி அழுதார். அக்காவுக்கு அன்றைக்கே பாதி சுகம் வந்துவிட்டது.

அதன்பின் அவள் கண்டிக்கு வரும்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி தடவிப் பார்ப்போம். அவளுக்குக் கூச்சம் தாங்காது; சிரித்தே என்னைத் தள்ளிவிடுவாள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஒரு வீட்டார் நான் போட்ட தேத்தண்ணீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அடுத்து வந்த மனுஷன், "அக்கா இப்ப சுகமா இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

பல வருஷம் போய் ஒரு நாள், கம்பளை வீட்டில் அக்காவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். காதோரம் ஒரு வெள்ளை மயிர் தெரிந்தது. சொன்னதும் பதறினாள்.

"ஐயையோ, கிழவியாயிட்டேனே! பிடுங்குடி அதை."

"பிடுங்க மாட்டேன், போ" என்றேன். அவள் தலையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அம்மாவும் சின்னம்மாவும் கருகருவென்ற தலையோடு போனவர்கள். எங்கள் வீட்டுப் பெண் ஒருத்திக்கு நரைத்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.