வலது கால் என்றதும் இடது கால்

போன மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன். மகள் என்னைக் கிழக்குத் தாம்பரம் சர்ச் ஹாலில் நடக்கும் நடன வகுப்பில் சேர்த்துவிட்டாள். வயதானவர்கள் தடுமாறாமல் இருக்க நல்லதாம்.

இன்று முதல் நாள்.

"ரைட் லெக் முன்னாடி வைங்க ஆன்ட்டி" என்றாள் பிசியோதெரபிஸ்ட் பெண். நான் இடது காலை வைத்தேன். பக்கத்தில் நின்ற, என்னோடு பள்ளியில் வேலை பார்த்த ஸ்டெல்லா டீச்சரும் இடதுதான்.

"அய்யோ, ரெண்டு பேருமே தப்பு!"

தப்பில்லை அம்மா. முப்பது வருடம் ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளுக்கு எதிரே நின்று கும்மி சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள். எங்கள் இடதைப் பார்த்துத்தான் அவர்கள் வலதை வைப்பார்கள். இன்றும் சிவப்பு ரிப்பன் கட்டிய அந்த வரிசை எதிரே நிற்பதுபோலவே இருந்தது.

"காலை மாத்துடி" என்று அன்று என்னிடம் திட்டு வாங்கியவர்கள், இப்போது இந்தப் பதிவின் கமெண்ட்டில் திருப்பித் திட்டலாம்.