இதயத்தில் கோளாறு இல்லை

தற்கொலை செய்துகொண்டவர்களின் வீடுகளுக்குப் போய், கடைசி மாதங்களில் என்ன நடந்தது என்று கேட்பதுதான் என் வேலை. உடம்பு எப்படிச் செத்தது என்பதைப் பிணப் பரிசோதனை சொல்லிவிடும். அந்த ஆள் ஏன் அந்த முடிவுக்குப் போனார் என்று தெரிந்தால் அடுத்தவரையாவது காப்பாற்றலாம் என்பது எங்கள் ஆராய்ச்சி. மும்பை செம்பூரில் வளர்ந்த எனக்குத் தமிழ் பேச வரும் என்பதால் தாராவியை என் தலையில் கட்டினார்கள்.

அங்கே ஒரு அக்கா. திருநெல்வேலிப் பக்கம். கணவர் குர்லாவில் லேத் பட்டறையில் இருந்தவர். போலீஸ் காகிதத்தில் காரணம் 'குடும்பத் தகராறு'.

"எங்களுக்குள்ள என்ன தகராறு? அவங்களா எழுதிக்கிட்டாங்க," என்றார். "அவியளுக்குத் தூக்கமே கெடையாது, சோறு எறங்கல. நாந்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டரு என்னன்னு கேட்டாரு. மனசு சரியில்லன்னு இந்தில எப்படிச் சொல்லன்னு தெரியாம, 'தில் டீக் நஹீ ஹை'ன்னு நெஞ்சுல கைய வச்சுக் காட்டுனாவ."

'தில்' என்றால் இதயம் என்று எடுத்துக்கொண்டு ஈசிஜி எடுத்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது என்று வாயு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"எனக்கு அவ்வளவு சந்தோசம். வர்ற வழியில மாட்டுங்கால எறங்கி அல்வா வாங்குனேன். அவிய ஒரு வாய்கூடத் திங்கல."

அந்த வாரமே அவர் போய்விட்டார்.

தமிழில் கேட்க அங்கே ஒரு ஆளைப் போடச் சொல்கிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தேன். ஆபீசில் இதைச் சொன்னேன். தூக்கமில்லை என்று வருகிறவரிடம், சாகணும்னு நினைப்பு வருதா என்று அவர் பாஷையில் கேட்க ஒரு ஆளை அந்த ஆஸ்பத்திரியில் போடச் சொல்லுங்கள் என்றேன். "நல்ல கேஸ்மா," என்றார் எங்கள் தலைவர். "ஆள் போடுறதெல்லாம் நம்ம கையில இல்ல."

ஒரு பெரிய ஹோட்டலில் கருத்தரங்கு, நான்தான் பேசினேன். அந்த அக்காவின் கணவர் திரையில் இரண்டு வரியாக வந்துபோனார். சாப்பாட்டு வரிசையில் ஒரு அம்மாள், மனசைத் தொட்டுட்டீங்க என்று என் கையைப் பிடித்தார். பிறகு நானே ஒரு மனு எழுதி ஆஸ்பத்திரியில் கொடுத்தேன். பார்க்கிறோம் என்றார்கள்.

பல மாதம் கழித்து தாராவி பஸ் ஸ்டாப்பில் அந்த அக்காவைப் பார்த்தேன். அவரே பக்கத்தில் வந்தார்.

"தமிழ்ல கேக்க ஆள் போட்டுட்டாங்களா?"

"இன்னும் இல்லக்கா."

"அன்னைக்கு உங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னேன்லா, எம் மவன் ரொம்ப நாள் எங்கூடப் பேசல. வீட்டு அசிங்கத்த வெளிய சொல்லிட்டேனாம்." முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இனிமே யாரு வீட்டுக்கும் போயிக் கேக்காதிய தாயி."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். அன்றைக்கும் நான் ஒரு வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். செத்தது ஒரு கல்லூரிப் பெண். போனேன். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, கடைசி மாதங்களில் என்ன நடந்தது என்று கேட்டேன்.