பத்து வருடமாக அறிவேன்

மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலக வாசலில் அவரைப் பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டை, பல நாள் தாடி. இறந்துபோன மனைவிக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்க வந்திருந்தார். அடிக்கடி போனை எடுத்துப் பார்த்தார்.

"வூட்ல என் கம்ப்யூட்டர் ஓடுதான்னு பாக்கறேன் சார். பிளாக்செயின். எவனோ எவனுக்கோ பணம் அனுப்புவான். கையெழுத்து அவனோடதுதானா, அதே பணத்தை முன்னாடியே செலவு பண்ணிட்டானான்னு அது பாக்கும். அதே மாதிரி ஊர் ஊரா ஆயிரக்கணக்குல கம்ப்யூட்டர் பாக்கும். பொய்யின்னா தள்ளிடும். யாரும் யாரையும் நம்ப வேணாம்."

"நல்லதுதானே?"

ஒரு தாளை நீட்டினார்.

"அவ என் பொண்டாட்டிதான்னு ரெண்டு பேர் சாட்சி போடணுமாம். ஒருத்தர் போட்டுட்டாரு. இன்னொருத்தர் வரேன்னாரு, வரல."

'இவ்விருவரையும் பத்து வருடமாக அறிவேன்' என்று அதில் அச்சடித்திருந்தது. அவர் பெயரையே அங்கேதான் முதலில் படித்தேன், பக்கத்தில் அவர் மனைவியின் பெயரையும். கையெழுத்துப் போட்டேன்.

அவர் அந்தக் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

சிதம்பரம் பஸ்ஸில் திரும்பும்போதே அவர் பெயர் மறந்துவிட்டது. அந்த அம்மாவின் பெயர் மட்டும் இன்னும் மறக்கவில்லை.